எதிரிகள் ஒரே அறையில்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். கூடைப்பந்து பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். கல்லூரி நாட்களில் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன். இப்போது கோவையில் ஒரு மில்லில் கணக்கு வேலை. விடியற்காலை எழுந்து அமெரிக்க லீகான என்.பி.ஏ. ஆட்டம் பார்ப்பதோடு சரி.

எல்லா அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களும் கூடி ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை நீங்கள் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. 2024-ல் 211-க்கு 186 என்று முடிந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. அதில் நடக்கும் சமாதானங்களும் டிவிக்காகச் செய்வதாகத்தான் படுகிறது. ஷாக் என்கிற ஷகில் ஓ'நீலும் கோபி பிரயண்டும் விருதைப் பகிர்ந்துகொண்டதும், கெவின் ட்யூரண்டும் ரஸல் வெஸ்ட்புரூக்கும் எட்டு நாள் முன்னால் வாய்ச்சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்து ஆடியதும் எனக்கு நாடகமாகவே தெரிகிறது.

இன்னொன்று. விட்டுப் போன ஆட்டக்காரன் திரும்பி வந்தால் ஊரே எழுந்து கைதட்டுகிறதே, ரசிகனுக்கு மானம் ரோஷம் கிடையாதா? கிளீவ்லாந்தில் லெப்ரான் ஜேம்ஸின் ஜெர்சியை எரித்தவர்கள்தானே அவரைக் கொண்டாடினார்கள்? வின்ஸ் கார்ட்டரைப் பத்து வருடம் கரித்துக் கொட்டிய டொரான்டோ, அவருடைய 15-ம் எண் ஜெர்சியைக் கௌரவமாக அரங்கக் கூரையில் ஏற்றியிருக்கிறது. அஸ்வின் சென்னை அணிக்குத் திரும்பியபோது நானும் சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் அவர் கோபித்துக்கொண்டு போனவர் இல்லையே.

கடைசியாக ஓர் உதவி. என் மகள் எட்டாம் வகுப்பு. இந்த வருடம் பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் காட்ட உருப்படியான ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒன்றாவது உண்டா?

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடிதத்துக்கு நன்றி. 2024 ஆட்டம் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆல்-ஸ்டார் வரலாற்றில் ஓர் அணி 200 புள்ளியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. 82 ஆட்டம் கொண்ட சீசனின் நடுவே கிடைக்கும் சில நாள் ஓய்வில் நடக்கும் ஆட்டம் அது. அங்கே கணுக்கால் பிசகினால் சொந்த அணியின் மொத்த வருடமும் போச்சு. அந்தப் பயத்தில் யாரும் குறுக்கே போய் நிற்பதில்லை. லீகும் விதிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறது. 2018-ல் இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிக்கும் முறை வந்தது, 2020-ல் இலக்குப் புள்ளியை முதலில் தொடுபவர் ஜெயிக்கும் முறை, 2024-ல் மறுபடி கிழக்குப் பிரிவும் மேற்குப் பிரிவும் மோதும் பழைய முறை, 2025-ல் நான்கு அணிகளின் குட்டிப் போட்டி.

ஆனால் நான் அந்த ஆட்டத்தைப் புள்ளிக்காகப் பார்ப்பவன் இல்லை. வருடம் முழுவதும் ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்துவதே தொழிலாக இருப்பவர்கள் ஒரே அறையில் உடை மாற்றி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஜெர்சி போடும் நாள் சீசனில் அது ஒன்றுதான். அந்த அறையில் நடந்த சில விஷயங்கள், எந்த இறுதிப்போட்டியை விடவும் இந்த விளையாட்டை அதிகம் மாற்றியிருக்கின்றன. நீங்கள் நாடகம் என்று சொன்னதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் 1951 மார்ச் 2 அன்று பாஸ்டன் கார்டனில் நடந்தது. கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்ட ஊழல் வெளிவந்து விளையாட்டின் பெயரே கெட்டிருந்த நேரம். ஆள் வருவார்களா என்று எல்லோருக்கும் சந்தேகம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் உரிமையாளர் வால்டர் பிரவுன், நஷ்டம் வந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பொறுப்பெடுத்து நடத்தினார். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நீங்கள் சொல்வது போல அது காட்சிக்காகவே தொடங்கப்பட்ட ஆட்டம்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

பதிமூன்று வருடம் கழித்து அதே பாஸ்டன் கார்டன். 1964 ஜனவரி 14. வெளியே கடும் பனி. பல ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்கள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த வருடம்தான் முதன்முறையாக ஆல்-ஸ்டார் ஆட்டத்தை இரவில், நாடு முழுக்க ஆட்கள் டிவி முன் உட்காரும் நேரத்தில் ஒளிபரப்ப ஏற்பாடு. அரங்கம் நிறைந்துவிட்டது, கேமராக்கள் தயார். ஆட்டக்காரர்கள் மட்டும் அறையை விட்டு வரவில்லை. ஓய்வூதியத் திட்டம் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அணி உரிமையாளர்கள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்கள். எழுத்துப்படியோ வாய்ச்சொல்லோ, உறுதி கிடைக்காமல் ஆட மாட்டோம் என்று அன்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பில் ரஸல், வில்ட் சேம்பர்லேன், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் டாமி ஹைன்சன். ரஸலும் சேம்பர்லேனும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய எதிரிகள். ஹைன்சனின் சொந்த முதலாளி, அதே வால்டர் பிரவுன், வெளியே கொதித்துக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் உரிமையாளர் பாப் ஷார்ட், பேய்லருக்கும் வெஸ்டுக்கும் மிரட்டலாகச் சொல்லி அனுப்பினார். இருவரும் அசையவில்லை. ஒளிபரப்பே போய்விடும் என்ற நிலை வந்த பிறகு, லீகின் தலைவர் வால்டர் கென்னடி அறைக்கு வந்து ஓய்வூதியத்துக்கு நானாயிற்று என்று வாக்குக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் ஆட வந்தார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. கிழக்கு 111-107 என்று ஜெயித்தது. ராபர்ட்சன்தான் சிறந்த ஆட்டக்காரர்.

இதை வேறு எந்த நாளில் செய்திருக்க முடியும்? ஓர் அணி தனியாக வேலைநிறுத்தம் செய்தால் அந்த முதலாளி ஆளை மாற்றிவிடுவார். எல்லா அணிகளின் தலைசிறந்த ஆட்டக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்த நாள் அது ஒன்றுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆஸ்கர் ராபர்ட்சன் பின்னால் சங்கத் தலைவராகி 1970-ல் லீகின் மேல் வழக்குப் போட்டார். அது 1976-ல் சமரசமாக முடிந்தபோதுதான், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் தான் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற வழி திறந்தது. அதற்கு முன்னால் ஓர் அணி ஒருவரை எடுத்துக்கொண்டால், ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அவர்களுடையவர்தான். லெப்ரான் போனதும் ட்யூரண்ட் போனதும் இந்த வழியாகத்தான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

அடுத்து 1992. எனக்கு எல்லா ஆல்-ஸ்டார் ஆட்டங்களிலும் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

1991 நவம்பர் 7 அன்று லேக்கர்ஸ் ஆட்டக்காரர் மேஜிக் ஜான்சன், தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அறிவித்து ஆட்டத்தை விட்டு விலகினார். 32 வயது. அந்த அறிவிப்பு வந்தபோது எச்.ஐ.வி. என்றாலே சாவு என்றுதான் ஊர் உலகம் நம்பியது. தொட்டால் வருமா, வியர்வையில் வருமா என்ற பயம் படித்தவர்களுக்கே இருந்தது. அந்த சீசனில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் ரசிகர்கள் வாக்களித்து அவரை ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சில ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே தயங்கினார்கள். அடிபட்டு ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். லீகின் தலைமைப் பொறுப்பில் இருந்த கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன், அவர் ஆடலாம் என்று முடிவெடுத்தார். மேற்கு அணியில் முதல் ஐவரில் தனக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை டிம் ஹார்டவே மேஜிக்குக்கு விட்டுக்கொடுத்தார்.

1992 பிப்ரவரி 9, ஆர்லாண்டோ. ஆட்டக்காரர்களை அறிமுகப்படுத்தி முடித்ததும் எதிரணியான கிழக்கு அணியினர் வந்து மேஜிக்கைக் கட்டிப்பிடித்தார்கள். ஐசையா தாமஸ் முத்தமே கொடுத்தார். கைகுலுக்கலாமா என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்த மனிதரை, கோடிக்கணக்கானவர்கள் பார்க்க, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். எச்.ஐ.வி. பற்றிய எத்தனையோ விழிப்புணர்வுப் பிரசுரங்கள் செய்ய முடியாததை அந்த இரண்டு நிமிடம் செய்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் ஆட்டம். டென்னிஸ் ராட்மேன் அவரை உடம்போடு உடம்பு உரசித்தான் தடுத்தார். இரக்கப்பட்டு விலகி நிற்கவில்லை. அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது ஆடிய உங்களுக்குத் தெரியும். மேஜிக் 25 புள்ளி, 9 அசிஸ்ட் (மற்றவர் கூடை போட வழிசெய்த பாஸ்). மேற்கு 153-113 என்று மிதித்துத் தள்ளிவிட்டது, ஆகவே கடைசி நிமிடங்களில் முடிவு பற்றி யாருக்கும் கவலையே இல்லை. அப்போது ஐசையா தாமஸ் பந்தோடு வந்து மேஜிக் முன்னால் நின்றார். மற்ற எட்டுப் பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒருவர். தாமஸ் எறிந்தது உள்ளே போகவில்லை. அடுத்து மைக்கேல் ஜோர்டான் வந்தார். அவரும் மேஜிக்குக்கு எதிரே தனியாக ஆடிப் பார்த்தார், அதுவும் விழவில்லை. பிறகு மேஜிக் பந்தை வாங்கி, தாமஸ் தடுக்கக் கையை உயர்த்தி நிற்க, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தார். நேராக வலைக்குள். கடிகாரத்தில் இன்னும் 14.5 வினாடி இருந்தது. அதை ஆட யாரும் தயாராக இல்லை. எல்லோரும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆட்டம் அத்தோடு முடிந்தது.

தடுப்பாட்டம் இல்லை, புள்ளி வித்தியாசம் நாற்பது. உங்கள் அளவுகோலில் இது மோசமான ஆட்டம்தான்.

மேஜிக் அந்த வருடக் கடைசியில் லேக்கர்ஸுக்குத் திரும்பப் பார்த்தார். ஆட்டக்காரர்களிடம் பயம் இன்னும் போகவில்லை என்று தெரிந்து விலகிக்கொண்டார். 1996 ஜனவரியில்தான் உண்மையிலேயே திரும்பி வந்து 32 ஆட்டங்கள் ஆடினார். அதாவது ஆல்-ஸ்டார் ஆட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்துவிடவில்லை. ஆனால் அவரை முதலில் களத்துக்குக் கூப்பிட்டது லீகோ அணியோ இல்லை, வாக்குப் போட்ட கூட்டம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்ததா என்றால், 1996 பிப்ரவரி 13-ம் தேதி கொழும்பு பிரேமதாச அரங்கைத்தான் சொல்வேன். மத்திய வங்கி குண்டுவெடிப்புக்குப் பிறகு உலகக் கோப்பை ஆட்டத்துக்குக் கொழும்பு வர ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. இலங்கைக்குத் துணையாக இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து, அசாருதீன் தலைமையில், அங்கே போய் ஆடின. வாசிம் அக்ரம் பந்தில் களுவிதாரண அடித்ததை டெண்டுல்கர் பிடித்தார். ஸ்கோர் அட்டையில் அந்த இரண்டு பெயர்களும் ஒரே வரியில் வந்திருப்பதை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம்.

சரி, ஷாக்–கோபி. இருவரும் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்து 2000, 2001, 2002 என்று மூன்று பட்டம் ஜெயித்தவர்கள். 2004-ல் உறவு முறிந்து ஷாக் மயாமிக்குப் போனார். அதற்கப்புறம் பேட்டிகளிலும் பாட்டிலும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே இருந்தார்கள். 2009 ஆல்-ஸ்டார் நடந்தது ஃபீனிக்ஸில், அப்போது ஷாக் ஆடிய ஊரில். மேற்கு அணியின் கோச், அந்த மூன்று பட்டங்களின்போதும் இருவருக்கும் கோச்சாக இருந்த ஃபில் ஜாக்சன். கோபி 27 புள்ளி, ஷாக் 11 நிமிடத்தில் 17. சிறந்த ஆட்டக்காரர் விருதை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததில் ஏற்பாட்டு வாடை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் நான் பெரிதாக நேரம் செலவழிக்க விரும்பவில்லை.

2017 அப்படி இல்லை. ட்யூரண்டும் வெஸ்ட்புரூக்கும் ஓக்லஹோமா சிட்டியில் எட்டு சீசன் சேர்ந்து ஆடியவர்கள். 2012-ல் இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றார்கள். 2016-ல் ஏழு ஆட்டங்கள் கொண்ட மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணியை 3-1 என்று மடக்கி வைத்திருந்து, அடுத்த மூன்று ஆட்டத்தையும் விட்டார்கள். சில வாரத்தில், ஜூலை 4 அன்று, ட்யூரண்ட் தங்களைத் தோற்கடித்த அதே அணியில் போய்ச் சேர்ந்தார். 2017 பிப்ரவரி 11-ல் அவர் முதன்முறையாகப் பழைய ஊருக்கு ஆட வந்தபோது, தொடை நடுங்கி என்ற அர்த்தத்தில் கப்கேக் படம் போட்ட சட்டையோடு கூட்டம் காத்திருந்தது. பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊளை. வெஸ்ட்புரூக் 47 புள்ளி அடித்தும் கோல்டன் ஸ்டேட் 130-114 என்று ஜெயித்தது. நீங்கள் சொல்லும் வாய்ச்சண்டை அன்றைக்குத்தான்.

எட்டு நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் இருவரும் மேற்கு அணி. நீங்கள் அந்த முதல் பாகத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். வெஸ்ட்புரூக் பெஞ்சிலிருந்துதான் வந்தார். பந்தை ட்யூரண்டிடம் தள்ளிவிட்டு, நிற்காமல் கூடையை நோக்கி ஓடினார். ட்யூரண்ட் அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாங்கிய கையோடு பந்தை மேலே தூக்கிப் போட்டார். வெஸ்ட்புரூக் அதை அந்தரத்தில் பிடித்துக் கூடைக்குள் அமுக்கி டங்க் அடித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

அந்த இருவரையும் ஒரே அணியில் ஆட வைப்பது ஏற்பாடாக இருக்கலாம். டிவிக்காரர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாஸை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இவன் எங்கே ஓடுவான், எந்த உயரத்துக்கு எழும்புவான், பந்து எப்போது அங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் எட்டு வருடம் கூட ஆடியதில் உடம்பில் ஊறியது. அன்று அவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கோபம் அப்படியேதான் இருந்திருக்கும். கோபம் இருக்கும்போதே ஒருவர் ஓட, ஒருவர் பந்தைத் தூக்கிப் போட முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அடுத்த வருடம் லெப்ரான் கேப்டனாக ஆள் எடுத்தபோது, தன்னை விட்டு விலகிப் பாஸ்டன் போன கைரி இர்விங்கையும், ட்யூரண்ட், வெஸ்ட்புரூக் இருவரையும் தன் பக்கமே எடுத்துக்கொண்டார். 148-145. நீங்கள் கேட்ட தடுப்பாட்டமும் அதில் இருக்கிறது. சமன் செய்ய மூன்று புள்ளி தேவைப்பட்ட கடைசி நொடிகளில் ஸ்டெஃபன் கரியை எறியவே விடாமல் லெப்ரானும் ட்யூரண்டும் சேர்ந்து மடக்கினார்கள்.

இனி மானம் ரோஷம்.

வின்ஸ் கார்ட்டர் கதையை நீங்களே எடுத்திருக்கிறீர்கள். 1998-ல் அவர் வந்தபோது டொரான்டோ அணி தொடங்கி மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. ஐஸ் ஹாக்கி ஊரில் கூடைப்பந்துக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியோடு ஓடிக்கொண்டிருந்த அணி. 2000 ஆல்-ஸ்டார் வாரத்தில் ஓக்லாந்தில் நடந்த டங்க் போட்டியில் கார்ட்டர் பறந்ததைப் பார்த்துத்தான் உலகம் டொரான்டோ பக்கம் திரும்பியது. டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் என் நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவயதில் போனவர், அந்த ஊரைத் தன் ஊர் என்று முதன்முதலில் உணர்ந்தது கார்ட்டர் ஜெர்சி போட்டுப் பள்ளிக்குப் போன நாளில்தான் என்பார்.

2004 டிசம்பரில் கார்ட்டர் நியூ ஜெர்சிக்கு மாற்றப்பட்டார். தானே கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றம். டொரான்டோவில் தான் எப்போதும் முழுமூச்சோடு ஆடவில்லை என்று பொருள்படும்படி பிறகு ஒரு பேட்டியிலும் பேசிவிட்டார். ஊர் அதைத்தான் மன்னிக்கவில்லை. என் நண்பரும் அப்படித்தான். போனது பிழையில்லை, போன விதம்தான் பிழை என்பது அவர் கட்சி. 2005 ஏப்ரலில் எதிரணி ஆளாக வந்து, கூட்டத்தின் ஊளைக்கு நடுவே 39 புள்ளி அடித்தார் கார்ட்டர். வருடா வருடம் அதே ஊளை. அணி மாறினாலும், வயது ஏறினாலும், ஆட்டம் குறைந்தாலும் ஊளை மட்டும் குறையவில்லை.

எஸ்., ஒன்று கவனித்தீர்களா? எத்தனையோ பேர் அந்த அணிக்கு வந்து போயிருக்கிறார்கள். யாருக்கும் பத்து வருடம் ஊளையிட்டதில்லை. வேண்டாதவனுக்கு யாரும் அவ்வளவு நாள் தொண்டையைச் செலவழிப்பதில்லை. அந்தச் சத்தத்தில் உரிமை இருந்தது. கோபித்துக்கொண்ட வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிற மாதிரிதான் அது. அடுத்த தெருக்காரனோடு பேச்சு நின்றால் அதை யாரும் கணக்கே வைப்பதில்லை.

2014 நவம்பர் 19. அணிக்கு இருபதாவது சீசன். கார்ட்டர் அப்போது மெம்பிஸில், பெஞ்சிலிருந்து வந்து ஆடும் 37 வயதுக்காரர். முதல் பாகத்தில் ஒரு டைம்-அவுட்டின்போது அரங்கத் திரையில் அவருடைய பழைய டொரான்டோ ஆட்டங்களைத் தொகுத்துப் போட்டார்கள். ஊளை வரும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு அதை மூடிக்கொண்டு கைதட்டல். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. கார்ட்டர் எழுந்து கையை உயர்த்தினார். கண்ணீர் வழிந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. ஜெர்சி கூரையில் ஏறியது அதற்கும் பத்து வருடம் கழித்து, 2024 நவம்பர் 2-ல். அந்த அணி ஓர் ஆட்டக்காரருக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

ரோஷம் இல்லாத கூட்டமா அது? பத்து வருடம் தன் கோபத்தை விட்டுக்கொடுக்காத கூட்டம். தனக்கு நேரம் வந்தபோது தானே இறங்கி வந்தது. அறிவிப்பாளர் சொல்லியோ முதலாளி கேட்டோ யாரும் எழுந்து நிற்கவில்லை.

கிளீவ்லாந்தும் இதே வழிதான். 2010 ஜூலையில் லெப்ரான் டிவி நிகழ்ச்சி வைத்து மயாமிக்குப் போவதாகச் சொன்னார். அந்த டிசம்பரில் எதிரணி ஆளாக வந்து 38 புள்ளி அடித்துவிட்டுப் போனார். 2014-ல் திரும்பினார். 2016 இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கி இருந்து ஜெயித்து, 1964-க்குப் பிறகு அந்த ஊர் எந்தப் பெரிய விளையாட்டிலும் பார்க்காத பட்டத்தைக் கொடுத்தார். இரண்டாவது தடவை 2018-ல் அவர் போனபோது யாரும் ஜெர்சியை எரிக்கவில்லை. 2022 ஆல்-ஸ்டார் கிளீவ்லாந்தில் நடந்தபோது, பக்கத்து ஆக்ரனில் பிறந்த ஸ்டெஃபன் கரி 16 மூன்று புள்ளி எறிந்து 50 புள்ளி எடுத்தார். ஆனால் ஆட்டத்தை முடித்துவைத்த கடைசிக் கூடை, பின்பக்கமாகச் சாய்ந்து லெப்ரான் எறிந்தது. 163-160. அரங்கம் எப்படி அதிர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நாம் ‘விட்டுப் போனவன்’ என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. அணி ஆளை விட்டால் அது நிர்வாக முடிவு, ஆள் அணியை விட்டால் அது துரோகம் என்றே பேசிப் பழகிவிட்டோம். டிமார் டிரோஸன் 2016-ல் வேறு எந்த அணியோடும் பேசாமல் டொரான்டோவிலேயே கையெழுத்துப் போட்டவர். 2018-ல் அவரைக் கேட்காமலே சான் ஆன்டோனியோவுக்கு மாற்றினார்கள். அவருக்குப் பதில் வந்த கவாய் லெனார்டைக் கொண்டு 2019-ல் பட்டமும் ஜெயித்தார்கள். அந்த பிப்ரவரியில் டிரோஸன் எதிரணியில் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது. கடைசி நொடிகளில் லெனார்ட் அவர் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்துப் போய் ஆட்டத்தை முடித்தார். அதே கூட்டம் அதற்கும் ஆர்ப்பரித்தது. எனக்கு அது பார்க்கச் சங்கடமான காட்சி.

2025 பிப்ரவரியில் டாலஸ், முந்தைய வருடம்தான் தங்களை இறுதிப்போட்டிவரை கூட்டிப்போன லூகா டான்சிச்சை நள்ளிரவில் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. ரசிகர்கள் அரங்க வாசலில் சவப்பெட்டி வைத்துப் போராடினார்கள். ஏப்ரல் 9-ல் அவர் எதிரணியில் வந்தபோது, திரையில் ஓடிய படத்தைப் பார்த்து பெஞ்சில் அழுதார், பிறகு 45 புள்ளி அடித்தார். கூட்டத்தின் கோபம் முழுக்க நிர்வாகத்தின் மேல்தான். யார் விட்டது, யார் விடப்பட்டது என்று கூட்டத்துக்குத் தெரிகிறது. கார்ட்டருக்குப் பத்து வருடம் ஆனது, டான்சிச்சுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. இந்த வித்தியாசத்தை அறிந்த கூட்டத்தை ரோஷமற்றது என்று என்னால் சொல்ல முடியாது.

அஸ்வின் விஷயத்தில் நீங்கள் பிரித்துப் பார்த்தது சரி. 2015 வரை ஆடினார், அணி இரண்டு வருடம் தடைபட்டது, 2018 ஏலத்தில் பஞ்சாபுக்குப் போனார். ஐ.பி.எல். ஏலத்தில் ஆட்டக்காரர் தான் விரும்பும் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது, அங்கே கோபித்துக்கொண்டு போகவே வழியில்லை. 2025 சீசனுக்கு 9.75 கோடி கொடுத்து சென்னை திரும்ப எடுத்தது. அந்த வருடம் அணி கடைசி இடம், அவரும் சிறப்பாக ஆடவில்லை, சீசன் முடிந்து ஐ.பி.எல்.லில் இருந்தே விலகிக்கொண்டார். ஆட்டக் கணக்கில் பார்த்தால் இந்தத் திரும்புதலில் சொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும் சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையோடு அவர் பந்தெடுத்து வந்ததைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

மகளுக்கு என்ன காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். 2020 சிகாகோ ஆட்டத்தின் நான்காம் பாகத்தைக் காட்டுங்கள். கோபியும் அவர் மகள் ஜியானாவும் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஓர் அணி முழுக்க கோபியின் 24-ம் எண், இன்னோர் அணி முழுக்க ஜியானாவின் 2-ம் எண். நான்காம் பாகத்துக்குக் கடிகாரம் கிடையாது. முந்தி இருந்த அணியின் புள்ளியோடு 24-ஐக் கூட்டி, 157-ஐ முதலில் தொடுபவர்கள் ஜெயித்தார்கள் என்று விதி. கைல் லவுரி, வேகமாக வருபவர் முன்னால் அசையாமல் நின்று மோதலை வாங்கி விழுந்து ஃபவுல் எடுப்பார். ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் அதைச் செய்ய எவ்வளவு மனசு வேண்டும் என்று நீங்களே அவளுக்கு விளக்கலாம். யானிஸ் ஆன்டெடொகும்போ லெப்ரானின் பந்தைத் தட்டிவிடுவதையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள், கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். எட்டாம் வகுப்பில் தடுப்பாட்டத்தில் ஆர்வம் வருவது கஷ்டம், ஆனால் அந்த நான்காம் பாகத்தைப் பார்த்தால் வரும்.

1992 அவளுக்குக் கொஞ்சம் கழித்துப் போதும். காட்டும்போது ஆட்டக்காரர்களின் அறிமுகத்திலிருந்து காட்டுங்கள், கடைசி நிமிடங்களை மட்டும் வெட்டிக் காட்டினால் அந்த அணைப்பு ஏன் என்று புரியாது. எச்.ஐ.வி. பற்றி அவளிடம் முதலில் பேசிவிட வேண்டியிருக்கும். அதை நீங்களும் அவள் அம்மாவும் பார்த்துக்கொள்வீர்கள்.

அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள், கார்டா ஃபார்வர்டா என்று எழுதுங்கள். அதற்குத் தகுந்த பழைய ஆட்டங்கள் சிலவற்றைப் பொறுக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்.